தனக்குத் தானே வரி போட்டுக்கொண்ட ஊர்

லூர்தம்மாள் பூந்தாங்கலுக்கு ஊராட்சித் தலைவரான நான்காவது வருடம், ஏப்ரல் மாதத்தில், வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மாநிலத்தின் வரவுக்கும் செலவுக்கும் நடுவில் விழுந்திருக்கும் பள்ளத்தை அடைக்க எல்லோரும் சிக்கனம் பிடிக்க வேண்டும், ஊராட்சிகளுக்கு மாதந்தோறும் வரும் மானியமும் இந்த ஆண்டு குறையும் என்று அதில் எழுதியிருந்தது. பூந்தாங்கலுக்கு எவ்வளவு குறையும் என்பதைச் செயலர் இராமச்சந்திரன் கணக்குப் போட்டுச் சொன்னார். மாதத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம்.

“அப்டீன்னா இன்னா சார் ஆவும்?” என்று கேட்டாள் லூர்தம்மாள்.

“சம்பளம் போட்டா கரண்ட் பில் கட்ட முடியாது. கரண்ட் பில் கட்டினா மோட்டார் ரிப்பேர் பண்ண முடியாது. எது வேணும்னு நீங்கதான் சொல்லணும் மேடம்.” இராமச்சந்திரனுக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். எந்தக் கெட்ட செய்தியையும் வானிலை அறிக்கை மாதிரிதான் சொல்வார்.

வடக்குப்பட்டைத் தாண்டி, ஒரகடம் சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது பூந்தாங்கல். அறுநூற்று நாற்பது வீடுகள். அது போக, பத்துப் பன்னிரண்டு வருடத்தில் முளைத்த இருபத்திரண்டு ஹாஸ்டல்கள், பதினோரு கோடவுன்கள். ஹாஸ்டல்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் மூவாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். ஷிப்டுக்கு ஷிப்ட் கம்பெனி பஸ் ஊருக்குள்ளேயே வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போகும், கொண்டுவந்து இறக்கும்.

லூர்தம்மாளும் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட பஸ்ஸில் போனவள்தான். செல்போன் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடம் லைனில் நின்றாள். கம்பெனியை மூடியபோது கையில் கொஞ்சம் பணமும் முதுகில் நிறைய வலியுமாக வீட்டுக்கு வந்தாள். பிறகு தையல் மெஷின். தலைவர் பதவி பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, துணைத்தலைவர் ரகுபதிதான் அவளைத் தேடி வந்து நிற்கச் சொன்னார். காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்று அவர் நினைத்தார். முதல் வருடம் அவளும் அப்படித்தான் போட்டாள். இரண்டாம் வருடத்திலிருந்து படித்துப் பார்த்துப் போட ஆரம்பித்தாள். அதிலிருந்து அவர் அவளை ‘லூர்து’ என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு ‘தலைவரம்மா’ என்று கூப்பிட்டார். மரியாதையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை.

மன்றக் கூட்டத்தில் ரகுபதி ஒரு தாளோடு வந்தார். தூய்மைக் காவலர்கள் ஒன்பது பேரில் ஐந்து பேரை நிறுத்துவது, தெருவிளக்கை ஒன்று விட்டு ஒன்று அணைப்பது, குடிநீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் திறப்பது.

“வரியைக் கொஞ்சம் ஏத்தினா இன்னா அண்ணே?” என்றாள் லூர்தம்மாள். “நம்ம ஊர்ல வூட்டு வரியத் தொட்டு இருவது வருசம் ஆவுது.”

ரகுபதி சிரித்தார். “கோட்டையில ஒக்காந்துகினு இருக்கிறவங்களே வரியத் தொட பயப்படுறாங்க தலைவரம்மா. நம்ம தொட்டா அடுத்த எலெக்‌ஷன்ல டெபாசிட் கெடைக்குமா? செலவைக் கொறச்சா நாலு பேர் திட்டுவாங்க. வரிய ஏத்தினா ஊரே திட்டும்.”

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மூன்றாவது வார்டில் மூன்று ஹாஸ்டல், ஐந்நூற்று நாற்பது கட்டில் அவருக்குச் சொந்தம். வங்கிக் கடனும் அதற்கேற்றபடி இருந்தது. ஆனால் ஊர் தண்ணீரில்லாமல் தவித்த ஒரு கோடையில் தன் போர்வெல்லைத் திறந்துவிட்டவரும் அவர்தான். உறுப்பினர்கள் ஒன்பது பேரில் ஆறு பேர் அவருடைய தாளுக்குக் கை தூக்கினார்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, தண்ணீர் போதவில்லை என்று மனு கொடுக்க ஹாஸ்டல் பெண்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். இனி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் என்று கேட்டதும் அவர்களில் ஒருத்தி முன்னால் வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், பெயர் இசக்கிசெல்வி. கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலை.

“நாங்களும் இந்த ஊர்லதான சார் இருக்கோம்? எங்கள்ட்ட ஒரு வார்த்த கேக்கண்டாமா?”

“இருக்கீங்கம்மா, இல்லன்னு சொல்லல.” ரகுபதி கடுமையாகச் சொல்லவில்லை. “ஆனா ஒங்க ஓட்டு ஒங்க ஊர்ல கீது. இங்க ஓட்டு இருக்கிறவங்களுக்குத்தான் பேச்சு.”

இசக்கிசெல்வி அவரோடு வாதாடவில்லை. நேராக இராமச்சந்திரனிடம் போனாள்.

“சார், ஓட்ட இங்கன மாத்தணும்னா எந்த ஃபாரம் எழுதணும்?”

இராமச்சந்திரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடச் சர்வீஸில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது.

வேலை போனதை அந்த ஐந்து பேரிடம் சொல்லும் பொறுப்பு லூர்தம்மாள் தலையில் விழுந்தது. நான்கு பேர் அழுதார்கள். ஐந்தாவது ஆள் கங்கா. லூர்தம்மாளின் தெருவிலேயே கடைசி வீடு. அவள் அழவில்லை. கையுறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“என் தொகுப்பு வூட்டுக்கு வருசத்துக்கு நாப்பத்திநாலு ரூபா வரி கட்டுறேன் லூர்து. ஒன்னோட மாடி வூட்டுக்கு நீ எவ்ளோ கட்டுற?”

லூர்தம்மாள் கட்டுவது நூற்றுப் பத்து ரூபாய்.

அலுவலகத்துக்குப் போய் வரிப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள். அவளுடைய மாமனார் காலத்து ஓட்டு வீடு அப்படியே அதில் நின்றுகொண்டிருந்தது: இருநூற்று நாற்பது சதுர அடி, நாட்டு ஓடு. அந்த வீட்டை இடித்துப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. இப்போது இருப்பது மாடி வீடு, மேலே வாடகைக்கு இரண்டு அறை. அடுத்த பக்கம் பார்த்தாள். அதற்கடுத்த பக்கம் பார்த்தாள். ஊரில் பாதி வீடுகள் பதிவேட்டில் கூரையும் ஓடுமாகவே இருந்தன. ஹாஸ்டல்கள் எல்லாம் வணிகக் கட்டடமாக இல்லாமல் ‘குடியிருப்பு’ என்றே இருந்தன. நூற்றெண்பது கட்டில் போட்ட ரகுபதியின் ஹாஸ்டல் ஒன்றுக்கு வருட வரி அறுநூற்று இருபது ரூபாய். கங்காவை வீட்டுக்கு அனுப்பியது அந்தச் சுற்றறிக்கை மட்டும் இல்லை என்பது அவளுக்கு அப்போது புரிந்தது. புரிந்ததும் முகம் சுட்டது.

மறுநாள் காலை வீட்டில் டேப்பைப் பிடித்துக்கொண்டு சுவர் சுவராக அளக்க ஆரம்பித்தாள். அவள் கணவன் சவரிமுத்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“இன்னாடி பண்ற?”

“வூட்ட அளக்குறேன். அந்தக் கோடியப் புடி.”

விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான். “ஊர்ல எவனும் கட்டல. நம்ம மட்டும் கட்டணும்னு தலையெழுத்தா? தலைவர்னா வர்றத வாங்கிக்கினு வருவாங்க. நீ இருக்கறதயும் குடுத்துட்டு வர்ற.”

“கோடியப் புடிய்யா,” என்றாள் அவள்.

அவன் முணுமுணுத்துக்கொண்டே பிடித்தான். ஆயிரத்து நூற்று அறுபது சதுர அடி. மாடி வீட்டு விகிதப்படி வரி ஆயிரத்து நானூற்று அறுபது ரூபாய். கட்டிவிட்டு, பழைய ரசீதையும் புது ரசீதையும் அலுவலகப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாள். டீக்கடையில் இரண்டு வாரம் அதே பேச்சு. தலைவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள் சிலர். அடுத்த எலெக்‌ஷனுக்கு இப்போதே நடிப்பு என்றார்கள் சிலர். ஆனால் பலகையைப் பார்க்க வராதவர் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீடு வீடாகப் போனாள். முதல் நாள் மூன்று வீடுதான் அளக்க முடிந்தது. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இன்னொரு வீட்டில் காபி கொடுத்து உபசரித்துவிட்டு, டேப்பை மட்டும் உள்ளே விடவில்லை. இரண்டாவது ஞாயிறு அவள் களைத்துப்போய்ப் பிள்ளையார் கோவில் படியில் உட்கார்ந்திருந்தபோது, இசக்கிசெல்வி ஆறு பெண்களோடு வந்து நின்றாள். எல்லோருக்கும் அன்றைக்கு வார விடுமுறை.

“அக்கா, ஒரு நாளைக்கு ஆயிரத்தி எரநூறு பீஸ் அளக்குதோம் நாங்க. ஒரு நூல் கூடினாலும் ரிஜெக்ட். ஒங்க ஊர்ல அறுநூறு வீட்ட அளக்க மாட்டோமா?”

“வூட்டுக்காரங்க திட்டுவாங்கடீ.”

“சூப்பர்வைசர் திட்டாத திட்டா?”

லூர்தம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் எழுந்து போய் அந்த ஏழு பேருக்கும் தக்காளிச் சாதம் கட்டிக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து வேலை கம்பெனி லைன் மாதிரி ஓடியது. இரண்டு பேர் அளக்க, ஒருத்தி எழுத, ஒருத்தி வீட்டுக்காரரிடமே காட்டிக் கையெழுத்து வாங்குவாள். தப்பு என்று யாராவது சொன்னால் முகம் சுளிக்காமல் மறுபடி அளப்பார்கள். அளக்க வந்த பெண்கள் எந்த வீட்டையும் குறைத்தும் எழுதவில்லை, கூட்டியும் எழுதவில்லை என்ற பேச்சு மெதுவாகப் பரவியது. நாய் அவிழ்த்துவிட்ட வீட்டுக்காரர் தானாகவே வந்து, “எப்போ எங்க தெருவுக்கு வரீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஜூன் முடிவதற்குள் கோடவுன், ஹாஸ்டல் உட்பட ஊர் முழுக்க அளந்தாகிவிட்டது. ரகுபதி தன் மூன்று ஹாஸ்டலுக்குள் விடவில்லை. இசக்கிசெல்வி அதில் ஒன்றில் குடியிருப்பவள், மற்ற இரண்டிலும் அவளுக்குத் தோழிகள் உண்டு. உள்ளேயிருந்தே அளந்துவிட்டாள்.

இதற்கு நடுவில், ஷிப்ட் முடிந்த நேரங்களில், அவள் இன்னொரு வேலையும் பார்த்தாள். படிவம், வாடகை ரசீது, ஆதார் நகல் என்று கட்டுக் கட்டாக இராமச்சந்திரனின் மேஜைக்கு வந்தன. வாக்குச்சாவடி நிலை அலுவலர் கலைமதி டீச்சர் ஹாஸ்டல் ஹாஸ்டலாக ஏறிச் சரிபார்த்தார். பெரும்பாலோர் சொந்த ஊர் ஓட்டை விட மனமில்லாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். எண்பத்திமூன்று பேர் மாற்றிக்கொண்டார்கள்.

ஜூலை இரண்டாம் வாரம் ஒரு சாயங்காலம் மழை பிடித்தது. ஒரு மணி நேரம்தான். ஆனால் மூன்று மாதமாக நான்கே பேர் கூட்டுகிற ஊரில், கால்வாய் முழுக்கப் பிளாஸ்டிக்கும் சோற்றுப் பொட்டலமும் அடைத்துக் கிடந்தது. தண்ணீர் போக வழியில்லாமல் மூன்றாவது வார்டில் முழங்காலுக்கு ஏறி நின்றது. மழைத் தண்ணீர் மட்டும் என்றால் பரவாயில்லை. கழிவுநீரும் கலந்து தெருவே நாறியது. மறுநாள் காலை ஷிப்டுக்கு வந்த கம்பெனி பஸ்கள் ஊர் முனையிலேயே நின்றுவிட்டன. பெண்கள் சுடிதாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தத் தண்ணீரில் நடந்து போனார்கள். நான்கு நாள் இப்படியே போயிற்று. இருபது முப்பது பேருக்குக் காலில் புண். ஐந்தாம் நாள், ரகுபதியின் ஹாஸ்டல்களில் தன் பெண்களைத் தங்கவைத்திருந்த கம்பெனியிலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. ஆகஸ்ட் மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால் பெண்களை வல்லக்கோட்டைப் பக்கம் வேறு ஹாஸ்டலுக்கு மாற்றிவிடுவார்களாம்.

ரகுபதி தன் கைக்காசில் பதினாலாயிரம் கொடுத்து கழிவுநீர் உறிஞ்சும் லாரி பிடித்து வந்தார். லாரி வேலை செய்துகொண்டிருந்த இடத்துக்கு லூர்தம்மாளும் போனாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“பார்த்துக்கினு போவ வந்தீங்களா தலைவரம்மா?”

“இல்லண்ணே. நாலு பேரக் கூட்டிக்கினு வந்திருக்கேன்.” பின்னால் சவரிமுத்துவும், கங்காவும், வேலையை இழந்த இன்னும் இரண்டு பேரும் மண்வெட்டியோடு நின்றார்கள்.

ரகுபதி கங்காவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை என்பதுதான் சரி. “சம்பளம் யார் குடுக்குறது?” என்று மட்டும் கேட்டார்.

“இன்னிக்கி யாரும் குடுக்க வேணாம்,” என்றாள் கங்கா. “என் தெருவுலயும் தண்ணி நிக்குது.”

மத்தியானம் வரைக்கும் வேலை நடந்தது. கிளம்பும்போது லூர்தம்மாள் சொன்னாள்: “பதினாலாயிரம் ஒரு நாளைக்கு அண்ணே. அடுத்த மழைக்கு இன்னொரு பதினாலாயிரம். நான் கேக்குறது வருசத்துக்கு ஒரு ஹாஸ்டலுக்கு எண்பத்திநாலாயிரம். அதுல தண்ணியும் லைட்டும் சேர்த்து.”

“ஏத்தினீங்கன்னா அந்தப் பொண்ணுங்க வாடகைய நானும் ஏத்துவேன். அப்புறம் அவங்களே ஒங்களைத் திட்டுவாங்க,” என்றார் ரகுபதி. அந்த ஒரு பேச்சு லூர்தம்மாளோடேயே வீட்டுக்கு வந்தது. நாலு நாள் தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து. கம்பெனிகளுக்கெல்லாம் விடுமுறை. கொடியேற்றி முடிந்ததும், பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டுக் கிராமசபை கூடியது. வழக்கமாக நூறு பேரைச் சேர்ப்பதற்கே இராமச்சந்திரன் தெருத் தெருவாக அலைவார். அன்றைக்குப் பந்தலுக்கு வெளியேயும் ஆள் நின்றது. ஒரு ஓரமாக எண்பத்திமூன்று பெண்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பின்னால், ஓட்டு இல்லாத இன்னும் நூறு நூற்றைம்பது பெண்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

லூர்தம்மாள் மைக்கைப் பிடித்தாள். எழுதி வைத்திருந்த தாளை மடித்துவிட்டாள்.

“எனக்கு மேடைப் பேச்சு வராது. நடந்தத சொல்றேன். மேல இருந்து வர்ற பணம் கொறஞ்சிடுச்சு. நாம ரெண்டே ரெண்டுதான் பண்ண முடியும். ஒண்ணு, இருக்கறத வெட்டணும். வெட்டிப் பார்த்தோம். அஞ்சு பேர் வேலை போச்சு. ஊர் நாறிப் போச்சு. ரெண்டாவது, நம்ம வூட்டுக்கு நம்ம நெசமான வரியக் கட்டணும். கூரை வூட்டுக்கும் தொகுப்பு வூட்டுக்கும் ஒரு ரூபா ஏத்தல. மத்த வூடுங்களுக்கெல்லாம் அளந்தபடி. சேர்த்துப் பார்த்தா நாலு லட்சத்துச் சொச்சம் வருது. ஹாஸ்டலும் கோடவுனும் பத்தொம்பது லட்சம். நமக்குக் கொறஞ்சது வருசத்துக்கு இருவத்தியொண்ணு லட்சத்து அறுவதாயிரம். அடைஞ்சிடும். மிச்சமும் நிக்கும்.”

முன்வரிசையில் இருந்த ஆட்டோ ஓட்டுநர் செந்தமிழன் எழுந்தார். “ஒரு கேள்வி. நாம கட்டிட்டோம்னு வெச்சுக்க. இவங்கதான் கட்டுறாங்களேன்னு மேல இருக்கறவங்க அடுத்த வருசம் இன்னும் கொறச்சா?”

கூட்டம் சலசலத்தது. நல்ல கேள்வி என்று லூர்தம்மாளுக்கே பட்டது.

“கொறைக்கலாம் அண்ணே. கொறைக்க மாட்டாங்கன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. அப்படிக் கொறச்சா, நீங்களும் நானும் சேர்ந்து போய்க் கேப்போம். ஆனா நம்ம மாடி வூட்ட ஓட்டு வூடுன்னு எழுதி வெச்சிக்கினு எந்த மூஞ்சோட போய்க் கேக்குறது?”

“அதுவும் சரிதான்” என்று செந்தமிழன் உட்கார்ந்துவிட்டார். எங்கோ ஒருவர் கை தட்டினார்.

ரகுபதி எழுந்தார். சத்தம் போடவில்லை, நிதானமாகத்தான் பேசினார். “ஹாஸ்டலுக்கு வரி போட்டா அது யார் தலையில விழும்? தோ, ஒக்காந்து இருக்காங்களே, இந்தப் பொண்ணுங்க தலையிலதான். வயித்தக் கட்டி வாயக் கட்டி வூட்டுக்குக் காசு அனுப்புற பொண்ணுங்க. அவங்க வாடகையத்தான் ஏத்தச் சொல்றாங்க நம்ம தலைவரம்மா.”

லூர்தம்மாள் மடித்த தாளை மறுபடி பிரித்தாள். அப்போது ஓரத்திலிருந்து ஒரு குரல்.

“சார், நா பேசலாமா?”

“ஓட்டு இருக்கிறவங்கதான்…” என்று ரகுபதி ஆரம்பித்தார்.

இராமச்சந்திரன் கையிலிருந்த பட்டியலைப் புரட்டி, மைக்கே தேவைப்படாத குரலில் படித்தார்: “இசக்கிசெல்வி, வயது இருபத்திமூணு, மூணாவது வார்டு. இருக்கு சார்.”

பெண்கள் பக்கம் ஒரே விசில். இசக்கிசெல்வி மேடைக்கு வரவில்லை, இருந்த இடத்திலேயே நின்றாள்.

“நூத்தியெம்பது கட்டிலு. எண்பத்திநாலாயிரம் வரி. கட்டிலுக்குப் பிரிச்சா, மாசத்துக்கு முப்பத்தொம்பது ரூவா. ரெண்டு டீயும் ரெண்டு பஜ்ஜியும் அந்தக் காசுக்கு வரும். கழிவுத் தண்ணியில நடந்து புண்ணு வந்து ரெண்டு நாள் லீவு போட்டேன். அதுக்குப் புடிச்சது ஆயிரத்தி நானூறு. ரகுபதி சார், நீங்க முப்பத்தொம்பது ரூவா ஏத்துங்க, நாங்க தாரோம். நாப்பதாவது ரூவாய ஏத்துனா, கணக்குக் கேப்போம். எங்களுக்குக் கணக்குத் தெரியும்.”

பந்தல் அதிர்ந்தது. பின்னால் நின்ற பெண்கள் கைதட்டியதில் காக்காய்கள் எல்லாம் வேப்பமரத்தை விட்டுப் பறந்தன. ரகுபதியே சிரித்துவிட்டார். சிரித்ததை மறைக்க மீசையைத் தடவினார்.

கை தூக்கச் சொன்னார்கள். இராமச்சந்திரனும் கலைமதி டீச்சரும் வரிசை வரிசையாக எண்ணினார்கள். வரி வேண்டும் என்று முந்நூற்று இருபத்திநாலு கை. வேண்டாம் என்று நூற்று அறுபத்தெட்டு.

ரகுபதியின் ஆட்களில் ஒருவர் எழுந்து கத்தினார். “நேத்து வந்த பொண்ணுங்கள வெச்சு ஜெயிச்சுட்டீங்க! அதுங்கள விட்டுட்டு எண்ணுங்க பார்க்கலாம்!”

இராமச்சந்திரன் லூர்தம்மாளைப் பார்த்தார். சட்டப்படி அப்படி எண்ண வேண்டிய அவசியமே இல்லை. அவளுக்கும் பயம்தான், அந்த எண்பத்திமூன்றும் போனால் என்ன ஆகும் என்று. ஆனாலும் சொன்னாள்: “எண்ணுங்க சார். எனக்கும் தெரிஞ்சாவணும்.”

மறுபடி கைகள் எழுந்தன. இந்தத் தடவை அவள் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தாள். நாய் அவிழ்த்துவிட்ட வீட்டுக்காரர். காபி கொடுத்து டேப்பை விடாத வீட்டு அம்மா. செந்தமிழன், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு; டீச்சர் ஒன்றை இறக்கச் சொன்னார். ஒரு ரூபாய்கூடக் கூடாத கங்கா. வருடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் கூடப்போகிறவர்கள், கூடும் என்று தெரிந்தே, வெயிலில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

“இருநூற்று நாற்பத்தியொன்று!” இராமச்சந்திரனின் குரல் உடைந்தது. வானிலை அறிக்கைக் குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. “ஊர்க்காரங்க மட்டும் இருநூத்தி நாப்பத்தியொண்ணு மேடம்!”

லூர்தம்மாள் மைக்கை வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சவரிமுத்து கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு, பக்கத்திலிருந்தவரிடமெல்லாம், “கோடியப் புடிச்சது நான்தான், மொத வூட்ட அளந்தப்போ கோடியப் புடிச்சது நான்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் மன்றக் கூட்டத்தில் தீர்மானம் ஏழு கைகளோடு நிறைவேறியது. ரகுபதிக்கு அன்றைக்குக் காய்ச்சல். ஆனால் செப்டம்பர் முதல் தேதி, வரி வசூல் தொடங்கிய காலை, அலுவலகத்தைத் திறக்க வந்த இராமச்சந்திரனுக்கு முன்னால் அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் படியில் உட்கார்ந்திருந்தார். மூன்று ஹாஸ்டலுக்கும் காசோலை. முதல் ரசீது தன் பெயருக்குத்தான் வேண்டும் என்றார். போட்டோவும் எடுக்க வேண்டும் என்றார். “ஊர்ல பெரிய வரி என்னோடதுதானே? அத நாலு பேர் பார்க்க வேணாமா?”

“பார்க்கட்டும் அண்ணே, நல்லாப் பார்க்கட்டும்,” என்று லூர்தம்மாள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். வாடகையை அவர் முப்பத்தைந்து ரூபாய்தான் ஏற்றினார். நாலு ரூபாய் தன் கணக்கு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்.

பத்தாம் தேதிக்குள் ஐந்து பேரும் வேலைக்குத் திரும்பினார்கள். புதிதாக ஒருவரையும் சேர்த்துப் பத்தாக்கினார்கள். கங்காவை மேற்பார்வையாளராகப் போட்டார்கள். தண்ணீர் தினமும் வந்தது.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, ஐந்து ஊராட்சித் தலைவர்கள் ஒரே வேனில் பூந்தாங்கலுக்கு வந்து இறங்கினார்கள். எப்படி அளந்தீர்கள், எப்படிக் கணக்குப் போட்டீர்கள், ஜனங்கள் எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று குடைந்து குடைந்து கேட்டார்கள். அன்றைக்கு விடுமுறையில் இருந்த இசக்கிசெல்வியை வரவழைத்து லூர்தம்மாள் விளக்கச் சொன்னாள். வந்தவர்களில் பெரியவர் கிளம்பும் நேரத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“எல்லாம் சரிம்மா. வரி ஏத்தினவங்க அடுத்த எலெக்‌ஷன்ல ஜெயிச்சதா நான் பார்த்ததே இல்ல. நீங்க மறுபடி நிப்பீங்களா?”

“நிப்பேன். ஜெயிப்பனா தோப்பனா தெரியாது.”

“ஜெயிப்பீங்கக்கா,” என்றாள் இசக்கிசெல்வி. பிறகு துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, ஏதோ கடைக்குப் போகிறேன் என்பது மாதிரி சொன்னாள்: “நானும் நிக்கலாம்னு இருக்கேன். மூணாவது வார்டுல.”

மூன்றாவது வார்டு ரகுபதியின் வார்டு. லூர்தம்மாள் ஒரு கணம் விழித்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். வேனில் ஏறிவிட்ட தலைவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள், உள்ளேயிருந்து இராமச்சந்திரன் என்ன ஆச்சோ என்று ஓடி வந்தார், அவளுக்குச் சிரிப்பு நிற்கவே இல்லை.